ஒன்பது சுற்று

செல்விக்கும் முத்துவுக்கும் அப்பா எழுதுவது.

இங்கே தண்ணீர் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. பென்னலூரில் நான் தங்கியிருக்கும் கட்டடத்துத் தரைத்தொட்டியைக் காலையில் ஒரு லாரி நிரப்பிவிட்டுப் போகும். வந்த புதிதில் டிரைவரிடம், "எந்த ஆத்துத் தண்ணி அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். "ஆறா? போர்வெல் தண்ணி அண்ணாத்த. குளிக்க கேக்குறியா, பொண்ணு குடுக்க கேக்குறியா?" என்று அவர் சிரித்தார்.

நம் நகராட்சியில் எந்த ஆறு என்று யாரும் கேட்டதில்லை. இருப்பது ஒன்றுதான். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணற்றிலிருந்து ஏறும் தண்ணீரைத் தெருத்தெருவாகத் திறந்துவிட்டது உங்கள் அப்பாவின் கை. ஒரு வால்வுக்கு ஒன்பது சுற்று. அதை நம்பித்தான் இட்லிக்கடை அம்மா அரிசி ஊறப்போடுவார். வாழைத்தார் ஏற்றிவிட்டு வருகிறவர்கள் கறையோடு குழாயடியில் நிற்பார்கள். எந்தத் தெருவுக்கு என்றைக்கு முறை என்பது ஊருக்கே மனப்பாடம். முறை தவறுவது ஒன்றுக்குத்தான். ஒரு தெருவில் சாவு விழுந்தால், யாரும் வந்து கேட்கமாட்டார்கள். கொட்டுச் சத்தம் கேட்டதும் நானே போய் அந்தத் தெருவுக்குத் திறந்துவிடுவேன். பிணம் குளிப்பாட்ட வேண்டும், எடுத்த பிறகு வீடு கழுவ வேண்டும். தண்ணீர் குறைந்த மற்றத் தெருக்காரர்கள் ஒரு சொல் சொன்னதில்லை. ஒப்பந்தக்காரர் மாறி என்னை வேலையிலிருந்து நிறுத்தும்வரை அப்படித்தான் நடந்தது.

இங்கே கம்பெனியில் எனக்குக் கூட்டித் துடைக்கும் வேலை. அது போக, கட்டடத்து மோட்டாரையும் தொட்டியையும் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்கார தேவகி அக்கா, "பள்ளிக்கூடம் தொறக்கசொல்ல பசங்கள இட்டுக்குனு வா, கீழ் ரூம உனுக்கே தரேன்" என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். பறைச் சத்தம் கேட்டதும் என் கால் தானாக மோட்டார் அறைக்குப் போயிற்று. ஹோஸைச் சாலைக்குக் குறுக்கே இழுத்து, அவர்கள் வாசலில் இருந்த டிரம்களை நிரப்பினேன். இறந்தவரின் மகன் அழுது வீங்கிய கண்ணோடு வந்து, "எந்த கட்சிண்ணா அனுப்புனாங்க?" என்று கேட்டார்.

"கட்சி இல்ல தம்பி. தண்ணி வேணும்லா, அதான்."

அவருக்கு விளங்கவில்லை. அவர்கள் சொல்லிவைத்திருந்த லாரி அதற்குள் வந்து நின்றது. என் தண்ணீர் டிரம் வழிந்து ரோட்டில் ஓடியது.

மதியம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து, எங்கள் கட்டடத்தில் தங்கியிருக்கும் முப்பது பேர் கையெல்லாம் எண்ணெயும் கரியுமாக வந்தார்கள். தொட்டியில் அடிமண்தான் இருந்தது. "இன்னாண்ணா, மண்ணுலயா குளிக்க சொல்ற?" என்றான் ஒருவன். அக்கா இறங்கி வந்தார்.

"யார கேட்டு தொறந்த? செத்தவரு உனுக்கு இன்னா ஒறவு?"

"சாவு வீடுல்லா அக்கா."

"அவங்க வூட்டு சாவுக்கு அவங்க லாரி சொல்லிக்கிறாங்க. உன்ன நம்பி இத்தினி பேரு கீறாங்களே, அவங்களுக்கு யாரு சொல்றது?"

அவர் கேட்டது நியாயம். மோட்டார் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். கீழ் அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பிள்ளைகளா, இந்த வருஷம் உங்களை அழைத்துக்கொள்ள முடியாது. போனில் சொல்ல வாய் வராமல்தான் எழுதுகிறேன். அப்பா செய்தது தப்பா என்று கேட்டால், இந்த ஊருக்குத் தப்பு. நம் ஊரில் செய்யாதிருந்தால் தப்பு.

இப்போதெல்லாம் விடிந்ததும் மொட்டைமாடியில் தெற்கே பார்த்து நிற்கிறேன். கீழே லாரி ஹாரன் அடிக்கும், தொட்டி மூடியை வேறு யாரோ திறப்பார்கள். நான் சொல்லாமலே என் வலது கை வெறும் காற்றில் சுற்றும். ஒன்பதாவது சுற்றில் நின்றுவிடும். அந்நேரம் நம் தெருக் குழாயடியில் அம்மா குடத்தை வைத்திருப்பாள்.