பிறைப் பதிவேடும் உயிர்த்த ஞாயிறும்

1997 மார்ச் பத்து, திங்கட்கிழமை. கடிகாரத்தை அரை மணி முன்தள்ளிய புது நேரப்படி மாலை ஏழு மணி இரண்டு நிமிடம். கல்முனைக்கு மேற்கே ஒரு வயல் வரம்பில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மனிதரைத்தான் முதலில் கண்டேன். பிறையை அதற்குப் பிறகுதான் கண்டேன்.

எங்கள் கரையில் சூரியன் கடலில் எழும்பும்; புதுப் பிறை வயலின் மேல் தெரியும். ஆகவே பிறை பார்க்கிறவர்கள் ஊரைக் கடந்து மேற்கே வர வேண்டும். அன்று பெருநாள் பிறை அல்ல, நோன்புப் பிறையும் அல்ல. யாரும் பட்டாசு கொளுத்தாத ஒரு சாதாரண மாதம். வந்திருந்தவர்கள் மூன்று பேர்: எங்கள் பள்ளிவாசல் மோதினார், நான், அந்த மனிதர். அவர் முஸ்லிம் அல்லர். தமிழ்க் குறிச்சியில் இருக்கும் சிறிய கத்தோலிக்கத் தேவாலயத்தின் உபதேசியார். ஓய்வுபெறும்வரை நீர்ப்பாசன வேலை செய்தவர். வாய்க்கால் மதகடியில் நட்டிருந்த அளவுகோலில் நீர்மட்டத்தைக் காலையும் மாலையும் வாசித்து எழுதுவதுதான் அந்த வேலை.

"உபதேசியார், ஒங்கட கண்ணுக்கும் பட்டிச்சா?" என்று மோதினார் கேட்டார்.

"ஓம் மோதினார். அந்த ஒத்தத் தென்னைக்கு வலப்பக்கம்."

"இப்படியே போனா நாளைக்குப் பாங்கும் நீங்கதான் சொல்லப்போறீங்க."

"என்ட தொண்டையக் கேட்டாச் சனம் பள்ளிக்கு வராது. கடலுக்குத்தான் ஓடும்."

உபதேசியார் சட்டைக்குள்ளிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து, டோர்ச்சைக் கழுத்திடுக்கில் வைத்துக்கொண்டு எழுதினார். நீர்ப்பாசனப் பதிவேடு அது. 'நீர்மட்டம்' என்று அச்சிட்டிருந்த தலைப்பை வெட்டி, மேலே 'பிறை' என்று எழுதியிருந்தார். எழுதி முடித்ததும் முதல் பக்கத்தைப் புரட்டி என்னிடம் காட்டினார். சூறாவளி வருடத்து மழை நனைத்து, மை ஊறிப்போன பக்கம். முதல் வரி 1978 மார்ச் பத்து, மாலை.

"பத்தொன்பது வருஷம். அதே திகதி" என்றார். "திரும்பி வந்திட்டுது."

நான் அங்கே போனது அவரிடம் ஒரு அச்சுப் பிரதியைக் கொடுக்க. கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மீதி நேரத்தில் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தினேன். தேவாலயத்தின் நூற்றாண்டு மலர் அங்கே அச்சாகிக்கொண்டிருந்தது. உயிர்த்த ஞாயிறன்று, மார்ச் முப்பதாம் திகதி, வெளியிட வேண்டும். அதில் ஒரு பக்கம் உபதேசியாருடையது. கடந்த பத்தொன்பது வருடங்களின் உயிர்த்த ஞாயிறும், வரப்போகும் பத்தொன்பது வருடங்களின் உயிர்த்த ஞாயிறும், அவர் தன் பதிவேட்டிலிருந்து கணக்கிட்ட அட்டவணை.

பத்தொன்பது வருடத்துக்கு ஒருமுறை பிறை அதே திகதிக்குத் திரும்புவதால், பழைய வரிகளே வரப்போகும் வருடங்களுக்கும் போதும். கணக்கு கடினமானதல்ல. வேதாகமத்தில் பாஸ்கா முதல் மாதத்தின் பதினான்காம் நாள். யூதர் அந்த மாதத்தைப் புதுப் பிறையோடு தொடங்கினார்கள். மார்ச் இருபத்தொன்றிலோ அதற்குப் பிறகோ எந்தப் பிறையின் பதினான்காம் நாள் வருகிறதோ, அதற்கு அடுத்த ஞாயிறு இயேசு உயிர்த்த பெருநாள். பதினான்காம் நாளே ஞாயிறாக இருந்தால் ஒரு கிழமை தள்ளி அடுத்த ஞாயிறுக்குப் போகும்.

பௌர்ணமிப் போயா நாளைப் பார்த்து எண்ணினால் போதாதா என்று கேட்டேன்.

"போயாவக் கலண்டர் சொல்லுது" என்றார். "கர்த்தர்ர காலத்தில கலண்டரா சொன்ன? ரெண்டு பேர் வந்து பிறை கண்டம் எண்டு சாட்சி சொன்னாத்தான் மாசம் பிறக்கும். இந்த ஊரில இப்ப அப்படிச் செய்யிறது ஆர்? பள்ளிதானே?"

திரும்பும்போது சென்றிப் பொயின்றில் நின்ற சிப்பாய் டோர்ச் வெளிச்சத்தைக் கண்டு துவக்கைத் தூக்கினான். முகத்தைக் கண்டதும் இறக்கிவிட்டு, "ஆ, ஹந்த மாமா" என்றான். சிங்களத்தில் நிலா மாமா.

அன்றிரவு பதிவேட்டை வாங்கிப்போய்ப் படித்தேன். எனக்குப் பழக்கமான வேலையில் அதுபோல ஒரு பதிவை நான் கண்டதில்லை. முகில் மூடிய மாலைகளில் 'காணவில்லை. பள்ளி மாதத்தை முப்பது நாளாகப் பூர்த்தி செய்தது' என்று எழுதியிருந்தார். காணாததைக் கண்டதாக ஒரு வரி இல்லை. 1990இன் நடுவிலிருந்து ஆறு மாதங்களுக்கு மட்டும் கையெழுத்து வேறாக இருந்தது. சண்டை நடந்த அந்த மாதங்களில் தமிழ்க் குறிச்சியிலிருந்து ஒருவர் மேற்கு வயலுக்கு வர முடியாது. எங்கள் தெருவிலிருந்து தமிழ்க் குறிச்சிக்குப் போகவும் முடியாது. பாதை திறந்த பிறகு உபதேசியார் பதிவேட்டைக் கொடுத்தனுப்ப, மோதினார் ஆறு வரிகளையும் நிரப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறார். கடைசி வரிக்குப் பக்கத்தில் சிறிதாக, 'நானே கண்டது' என்று எழுதியிருந்தார்.

அட்டவணையை என் பழைய நாட்குறிப்புகளோடு ஒப்பிட்டேன். பத்தொன்பதில் பதினேழு சரி. 1981உம் 1991உம் பிழை. இரண்டிலும் உண்மையில் கொண்டாடிய நாளுக்கு ஒரு கிழமை பிந்திய திகதியை அட்டவணை சொன்னது.

செவ்வாய்க்கிழமை காலை பங்குச் சுவாமி அச்சகத்துக்கு வந்தார். மட்டக்களப்பிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் குரு. தன் செபப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த திருநாள் பட்டியலைத் திறந்து, உபதேசியாரின் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தார். வரப்போகும் வருடங்களில் இரண்டு ஒத்துவரவில்லை. ஒன்று 2008. மற்றது அடுத்த வருடமே: 1998இல் புத்தகம் ஏப்ரல் பன்னிரண்டு என்றது, உபதேசியார் ஏப்ரல் பத்தொன்பது என்றார்.

"உபதேசியார், இந்த மலர வீட்டுக்கு வீடு வைப்பாங்க" என்றார் சுவாமி. "இதப் பாத்துக் கலியாணத்துக்கு நாள் வைப்பாங்க. வாற வருஷமே பிழையெண்டா நான் என்ன சொல்ற? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி வராட்டி இந்தப் பக்கத்த எடுப்பம்."

"பத்தொன்பது வருஷம் சுவாமி" என்றார் உபதேசியார்.

சுவாமி போன பிறகு, நான் கண்ட பழைய இரண்டு பிழைகளையும் சொன்னேன். அச்சக உரிமையாளரான ஹாஜியார் மேசையைச் சுற்றி வந்தார். கோத்து வைத்த ஈய எழுத்து தட்டில் காத்துக்கிடந்தது. அவருக்கு அதுதான் கவலை.

"நாலே நாலு வரிதானே. திகதிய மாத்திப் போட்டா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் ஹாஜியார்" என்றார் உபதேசியார்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லமாட்டீங்கதானே."

"பதிவேட்டில இருக்கிற பிறைக்கு அந்தத் திகதி வராது. கண்டதத்தான் எழுதின. வேற மாதிரிக் காணச் சொன்னா நான் எங்க போற?"

புதன் மாலை மோதினாரிடம் போனோம். அவர் பள்ளிவாசலில் கைகால் கழுவும் ஹவுள் தொட்டியருகே விறாந்தையைக் கழுவிக்கொண்டிருந்தார். உபதேசியார் கேட்டதற்கு, துடைப்பத்தை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"நாம காணுறது புறந்த புள்ளய இல்ல, உபதேசியார். தவழுற புள்ளய. பிறை புறந்து ஒரு நாள் போனாத்தான் கண்ணுக்குப் படும். கணக்குப் பாக்கிற ஆக்கள் புறந்த நேரத்திலருந்து எண்ணுவாங்க. நாம கண்ட நேரத்திலருந்து எண்ணுற."

உபதேசியார் அங்கேயே படியில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். எல்லா வருடங்களுக்கும் பதினான்காம் நாளில் ஒரு நாளைக் குறைத்துப் பார்த்தார். 1981 சரியாக வந்தது. 1991 சரியாக வந்தது. 1998, 2008 இரண்டும் வந்தன. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் எழுந்துவிட்டேன். ஆனால் அவர் எழவில்லை. ஒவ்வொரு வரியாகக் கீழே போனவர், 1994இல் பென்சிலை நிறுத்தினார். அதுவரை சரியாக இருந்த அந்த வருடம், ஒரு நாளைக் குறைத்ததும் ஒரு கிழமை முந்திப் பிழையாகிவிட்டது.

"நாலத் திருத்த ஒண்டு உடையுது" என்றார்.

"நாலுக்கு ஒண்டெண்டா லாபந்தானே" என்றார் மோதினார்.

"இது வியாபாரமா, மோதினார்?"

நான் பத்திரிகைக்காரன். இருபதில் பத்தொன்பது சரியாக இருக்கும் செய்தியை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். பிழைத்தால் மறுநாள் ஒரு திருத்தம் போடலாம். அந்தப் படியில் உட்கார்ந்திருந்த மனிதர், தனக்கு வெற்றி தரக்கூடிய கணக்கைத் தானே சோதித்து, தானே உடைத்து, அந்தக் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 1994ஐ யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

வியாழன் காலை சுவாமியிடம் போனபோது நானும் கூடப் போனேன். உபதேசியார் புதிதாக எழுதிய அட்டவணையை மேசையில் வைத்தார். இப்போது அதில் இரண்டு நிரல்கள். ஒன்று செபப் புத்தகத்திலிருந்து எடுத்த திருச்சபைத் திகதி. மற்றது பதிவேட்டின் பிறை சொன்ன திகதி. ஒத்துவராத நான்கு வருடங்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

"ரெண்டையும் போட்டிருக்கன் சுவாமி. கொண்டாடுறது சபைர நாள். மற்றது கண்ணுக்குத் தெரிஞ்சது. ரெண்டும் ஒண்டெண்டு நான் சொல்லல்ல. முப்பத்தெட்டில முப்பத்திநாலு ஒண்டா நிக்கிது. அது சும்மாவா?"

சுவாமி நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பிறகு, யூதர்களும் இப்போது பிறை பார்ப்பதில்லை என்று சொன்னார். அவர்களுக்கும் நூற்றாண்டுகளாகக் கணக்குத்தான். இந்த வருடம் ஒரு மாதத்தைக் கூட்டியிருப்பதால் அவர்களின் பாஸ்கா நம் பெருநாளுக்குப் பிறகு ஏப்ரலில்தான் வருகிறது.

"அப்ப கர்த்தர்ர காலத்து மாதிரி இன்னும் கண்ணால பாக்கிறது எங்கட மோதினார்தானா?" என்றார் உபதேசியார்.

சுவாமி சிரித்துவிட்டார். "அவருக்கும் ஒரு பிரதி குடுங்க. பக்கம் போகட்டும்."

அச்சகத்தில் அடுத்த சிக்கல் காத்திருந்தது. அந்த அளவு எழுத்தில் நட்சத்திரம் இருக்கவில்லை. ஹாஜியார் அறைப்பெட்டியைத் துழாவினார். நோன்புப் பெருநாள் வாழ்த்துகளுக்கு வாங்கிய சின்னப் பிறை அச்சுகள்தான் கிடந்தன.

"தேவாலயப் புத்தகத்தில பிறை போட்டா ஒங்கட சுவாமி ஏசுவாரா?"

"என்ன அடையாளம் எண்டு கேட்டா, எதக் குறிக்குதோ அந்த அடையாளம் எண்டு சொல்லுவன்" என்றார் உபதேசியார்.

நான்கு வரிகளுக்கும் நான்கு பிறை. பக்கத்தின் அடியில் அவர் எழுதிய குறிப்பு: 'பிறையிட்ட வருடங்களில் கண்ணுக்குத் தெரிந்த பிறையின்படி பதினான்காம் நாள் ஞாயிறாகவே வருகிறது. கொண்டாட வேண்டியது திருச்சபையின் திகதி.' அந்தக் குறிப்பில் திருத்த எனக்கு ஒரு எழுத்தும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் அச்சேறியது. மலர் மார்ச் முப்பதாம் திகதி வெளிவந்தது. மோதினாரின் பிரதியை உபதேசியார் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த வருடம் மார்ச் இருபத்தொன்பதாம் திகதி மாலை அதே வரம்பில், அதே மூன்று பேரும் ஹஜ் மாதப் பிறையைக் கண்டோம். உபதேசியார் எழுதினார். உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி கொண்டாடப்பட்டது. பள்ளிவாசல் கணக்கில் அன்று பிறை பதினான்கு.