நாலு வீடு அங்கிட்டு

கல்யாணமான இருபதாம் நாள் என்னை வேறு வைத்தார்கள். எங்களில் அது வழக்கம். வீடு ஒன்றுதான், அடுப்பு மட்டும் தனி. பின்கட்டில் வரிசையாக ஐந்து அடுப்பு. மூன்றாவது எனக்கு.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் புறப்பட்டார். திரும்பி வர மூன்று வருஷம். புதுக்கோட்டை ரயிலுக்குக் காலையிலேயே மாட்டுவண்டி. அதற்குள் என் அடுப்பில் பொங்கிய முதல் சோற்றை அவர் சாப்பிட வேண்டும். மாமியார் சொல்லிவிட்டார்.

விடிந்ததும் முதல் தடவையாகத் தனியே ஊருணிக்குத் தண்ணீருக்குப் போனேன். எங்கள் ஊரில் வீடுகள் முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். முன்வாசலில் வீட்டுக்கு வீடு வேறு பொம்மை, வேறு யானை. பின்தெருவுக்கு வரும்போது கொத்தனார்களுக்கு அலுத்துவிட்டது போல. எல்லாம் ஒரே சுவர், ஒரே கதவு.

குடத்தோடு திரும்பிப் பின்வாசலில் நுழைந்தேன். கிணறு இருந்தது. ஐந்து அடுப்பு இருந்தது. மூன்றாவதன் பக்கத்தில் பானையும் களைந்த அரிசியும் இருந்தன. மாமியார் எடுத்து வைத்திருக்கிறார் என்று உலை வைத்தேன். இரண்டு பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு வந்து தங்கியவர்கள் என்று நானும் சிரித்தேன்.

சோறு வெந்து வரும்போது ஒரு ஆச்சி குளித்துவிட்டு வந்தார்.

"ஏன் ஆத்தா, நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

சொன்னேன்.

"அது நாலு வீடு அங்கிட்டு. இது என் அடுப்பு. சரி, வடிச்சுரு. விட்டா கொழஞ்சு போகும்."

வடித்தேன். ஆளுக்கொரு பக்கம் துணியால் பிடித்துப் பானையைத் தெருவோடு தூக்கி வந்தோம். மாமியார் பின்வாசலில் நின்றார்.

"தண்ணிக்குப் போனவ சோத்தோட வாரா."

"கொடம் எங்க வீட்டுல இருக்கு. பெறகு எடுத்துக்கங்க" என்றார் ஆச்சி.

உள்ளே அவர் இலை முன் உட்கார்ந்துவிட்டார். மாமியார் கொஞ்சம் யோசித்தார்.

"நம்ம அடுப்பப் பத்த வையி. பானைய ஏத்து."

ஏற்றினேன்.

"எறக்கு."

இறக்கினேன்.

"இப்ப இது நம்ம சோறு. போயிப் போடு."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார்.

"அரிசி வேற மாதிரி இருக்கே."

"ஒம் பொண்டாட்டி கைப்பக்குவம். பேசாமச் சாப்பிடு" என்றார் மாமியார்.

வண்டிக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டார். அவர் மோருக்கும் சோறு கேட்டார். பானையைச் சுரண்டிப் போட்டேன். சாப்பிட்டு எழுந்து, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வண்டி ஏறினார்.

மத்தியானம் பானையைக் கழுவி, அரிசி போட்டு, திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். மாமியாரும் கூட வந்தார், வழி காட்ட.