நடுவாசல் நாற்காலி

முதல் மணி அடித்ததும் மலர்க்கொடி டீச்சர் நாற்காலியை இழுத்து வந்து இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ள வாசலில் போடுகிறார். உட்கார்ந்து இடப்பக்கம் பார்க்கிறார், வலப்பக்கம் பார்க்கிறார், எழுந்து நாற்காலியை நாலு விரற்கடை நகர்த்துகிறார். மறுபடி உட்கார்கிறார். இப்போது இரண்டு கால் ஓர் அறையில், இரண்டு கால் இன்னோர் அறையில். "ம், இப்ப சரி" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஐந்து வகுப்புகளையும் ஒன்றாகத் தொடங்குகிறார்.

கடம்பன்மேட்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கு எதிர்வீடு என்னுடையது. அதனால் இந்தக் காட்சியை மூன்று வருடமாகப் பார்க்கிறேன். பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். இருக்க வேண்டிய ஆசிரியர்கள் இரண்டு பேர், இருப்பவர் ஒருவர். தலைமையாசிரியரும் அவரே, ஒன்றாம் வகுப்பு டீச்சரும் அவரே, மணியடிப்பவரும் அவரே. நிரப்பப்படாத அந்த இரண்டாவது இடத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'வேகன்ட்'. எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது விசாரித்தால், "எனக்கென்ன, நல்லா இருக்கேன். வேகன்ட்தான் அப்படியே கெடக்கு" என்பார். கல்யாணம் தள்ளிக்கொண்டே போகும் பெண்ணைப் பற்றிச் சொல்கிற அதே குரலில் சொல்வார்.

நாற்காலிக்குச் சரியான இடம் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. கொஞ்சம் இடப்பக்கம் போனால் ஒன்றாம் வகுப்பின் ஜன்னல் மூலை மறைந்துவிடும், சிலேட்டைக் கடிக்கிற பிள்ளைகள் எல்லாம் அந்த மூலைக்குத்தான் போவார்கள். வலப்பக்கம் போனால் ஐந்தாம் வகுப்பின் கரும்பலகை பாதி போய்விடும். இப்போது கழுத்தைத் திருப்பினால் போதும். "நாலாங்கிளாசு, வகுத்தல் போடுங்க. ஏ பாப்பா, சட்டையில எழுதாத. அஞ்சாங்கிளாசு, அந்தப் பக்கத்த இன்னொருக்கா படி" என்று ஒரே மூச்சில் மூன்று வேலை நடக்கும்.

இந்தக் கழுத்து பள்ளிக்கு வெளியேயும் சும்மா இருப்பதில்லை. தாராசுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தாலி கட்டுகிற நேரத்தில் ஊரே மேடையைப் பார்க்கிறது, டீச்சர் மட்டும் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த அம்மாள் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேவிட்டார். "யாரையும் இல்லீங்க, கழுத்து பழகிப்போச்சு" என்றார் டீச்சர். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சங்கடமாகவும் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பள்ளிக்கூடமே லேசாக மிதக்க ஆரம்பிக்கும். ஆனி மாதம் பள்ளிக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருக்கும். ஓட்டுக் கூரையின் அடிப்பக்கத்தில் அதன் வெளிச்சம் நெளியும். ஒரு அறையில் ஏழாம் வாய்ப்பாடு, மறு அறையில் ஆத்திச்சூடி, இரண்டும் நடுவாசலில் வந்து கலந்து, எது எந்த வகுப்புடையது என்று தெரியாமல் என் வீடு வரைக்கும் வரும். ஒன்றாம் வகுப்பு பாதி தூங்கிவிடும். டீச்சரின் கண்களும் பாதி மூடியிருக்கும், ஆனால் கழுத்து திரும்பிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த நேரத்தில் தனக்கு ஒரு கனவு வரும் என்று ஒருநாள் வெட்கத்தோடு சொன்னார். "அஞ்சு ரூம், அஞ்சு டீச்சர். எனக்கு ரெண்டாங்கிளாசு மட்டும்தான். ஒரே கிளாசுங்க! அப்பறம் சாப்பாட்டு மணி அடிக்குது. எல்லாரும் சேந்து உக்காந்து சாப்புடுறோம். யாரோ ஒருத்தங்க கேக்காமயே என் டப்பாவுல கைய விட்டு ஊறுகா எடுக்குறாங்க." அதற்கு மேல் ஒன்றும் இல்லையா என்றேன். "அதுவே போதுங்களே" என்றார்.

வருடத்துக்கு ஒருமுறை, இடமாறுதல் கலந்தாய்வுக்கு முந்தைய வாரங்களில், மாறுதல் கேட்டிருக்கும் ஆசிரியர்கள் காலி இடமுள்ள பள்ளிகளை நேரில் பார்க்க வருவார்கள். கடம்பன்மேட்டில் இதற்குப் பெண் பார்க்கும் படலம் என்றே பெயர். டீச்சர் கரும்பலகைகளுக்குத் தன் கையாலேயே பச்சைப் பெயின்ட் அடிப்பார். மிச்சப் பெயின்டை மூடி அலமாரியில் வைப்பார். சத்துணவு சமைக்கும் ராஜாத்தி தன் வீட்டிலிருந்து கேசரி கிண்டி வருவார். வந்தவர்களும் அந்த முறைப்படியே கேசரி சாப்பிட்டுவிட்டு, "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று கிளம்புவார்கள். மூன்று வருடத்தில் ஏழு பேர் வந்தார்கள். ஒருவரும் இந்த இடத்தை எடுக்கவில்லை.

ராஜாத்தியைக் கேட்டால், குற்றம் டீச்சருடையதுதான் என்பார். "பஸ் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லிட்டு நிறுத்திக்கணும்ல? இவங்க ஐப்பசியில வராது, கார்த்திகையில வராதுன்னு பஞ்சாங்கம் படிப்பாங்க."

இந்த வருடம் விஷயம் வேறு. வருகிற மே மாதம் டீச்சருக்கு ஓய்வு. அதற்குள் யாரும் வராவிட்டால், வேறு பள்ளியிலிருந்து யாரையாவது வாரத்தில் இரண்டு நாள் அனுப்புவார்கள். பிள்ளைகள் குறைவார்கள். பிறகு இதைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பக்கத்து ஊருக்குப் போக நான்குவழிச் சாலையைத் தாண்ட வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு அந்தச் சாலையோரம் நிற்க வேண்டியிருக்கும். டீச்சர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இந்தத் தடவை வாயைத் திறக்க மாட்டேன் என்று மட்டும் ராஜாத்தியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

ஜூன் கடைசியில் வானதி என்ற ஆசிரியை வந்தார். சொந்த ஊர் சுவாமிமலைப் பக்கம், எட்டு வருடமாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேலை. பஸ் இருக்கிறதா என்று கேட்டார். "இருக்குங்க" என்றார் டீச்சர். ராஜாத்தி மூச்சை விட்டார். கழிவறை, தண்ணீர், எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில். கேசரி முடிந்தது. வானதி படியிறங்கி, கேட்டைத் தாண்டி, ஸ்கூட்டியில் சாவியையும் போட்டுவிட்டார்.

"டீச்சர், ஒரு நிமிஷம்!"

மலர்க்கொடி டீச்சர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். என் வாசலுக்கு நேரேதான் நின்றார்கள்.

"மழ புடிச்சா பஸ் பாலத்தோட நின்னுடும். ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும், வண்டி சேத்துல போவாது. நான் மே மாசத்தோட போயிடுவேன். அப்பறம் நீங்க ஒண்டியாத்தான் அஞ்சு கிளாசும் பாக்கணும். சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராதுங்க."

வானதி போட்ட சாவியை எடுத்தார். "இதோட ஆறு ஸ்கூல் பாத்துட்டேங்க டீச்சர். எல்லா எடத்துலயும் இருக்குறதச் சொன்னாங்க. என்ன இல்லன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

"அங்க உங்க ஸ்கூல்ல எத்தன பேரு?"

"நாலு பேர் இருக்க வேண்டிய எடம். நானும் இன்னொருத்தரும். நான் வந்துட்டா அவர் ஒருத்தர்."

ஸ்கூட்டி திரும்பியபின் ராஜாத்தி தலையில் அடித்துக்கொண்டு, "கூடி வந்த கல்யாணத்த நீங்களே நிறுத்திட்டீங்க" என்று பொரிந்தார். அது டீச்சர் காதில் விழுந்த மாதிரி இல்லை. அன்று மத்தியானம் முழுக்க அவர் பார்வை இரண்டு அறையிலும் இல்லை. முகம் தெரியாத அந்தக் கிருஷ்ணகிரி ஆசிரியரைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

வானதி இந்தப் பள்ளியைத்தான் எடுத்தார். கலந்தாய்வு முடிந்த செய்தி வந்ததும் ராஜாத்தி மறுபடி கேசரி கிண்டினார். இந்தத் தடவை எனக்கும் ஒரு கிண்ணம் கிடைத்தது. எங்கள் தெருவே சிரித்த முகமாக இருந்தது.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை வானதி வேலையில் சேர்ந்தார். அந்த நல்ல நாளைப் பார்க்க நானும் பள்ளிக்குள் போயிருந்தேன். ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை அவருக்கு. முதல் மணி அடித்தது. பழக்கத்தில் மலர்க்கொடி டீச்சர் நாற்காலியை இழுத்து வந்து நடுவாசலில் போட்டுவிட்டார். வானதி சிரித்துக்கொண்டே, "நாற்காலிய எடுத்துடலாங்களா டீச்சர்? கதவச் சாத்துனா சத்தம் கேக்காது" என்றார்.

"எடுத்துடலாம். செத்த இருங்க."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எழுந்து நாலு விரற்கடை நகர்த்தி, மறுபடி உட்கார்ந்து பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து மிச்சமிருந்த பச்சைப் பெயின்டையும் தூரிகையையும் எடுத்து வந்தார். முட்டி வலியோடு மெல்லத் தரையில் மண்டியிட்டார். நாற்காலியின் நான்கு கால்களையும் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக, நான்கு வட்டங்கள் போட்டார். அதன் பிறகுதான் நாற்காலியைத் தூக்கினார்.