விழாத விக்கெட்

இந்திய அணி ஆஸ்திரேலியா போயிருந்த சமயம். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நான் காலையிலேயே டிவி முன் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் நாரணாபுரத்தில் விக்கெட் விழுந்தால் வெடி போடுவார்கள். என் டிவியில் படம் சற்றுத் தாமதமாக வரும். அதனால் முதலில் சத்தம் கேட்கும், பிறகுதான் விக்கெட்டைப் பார்ப்பேன்.

அன்று பெரிய சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மாரியம்மா ஓடிவந்தாள். அவள் கணவன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பவன்.

“சார், கம்பெனிப் பக்கமால்ல கேட்டுச்சு?”

“விக்கெட் விழுந்திருக்கும்மா. இப்ப டிவியில வரும் பாரு.”

“அதுக்கு அம்புட்டுச் சத்தமாவா போடுவாக?”

“நம்ம ஊர்ல வெடிக்கா பஞ்சம்?”

“உசுரே போயிருச்சு சார்!” என்று சிரித்தபடி அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

நான் பந்துகளை எண்ணினேன். பன்னிரண்டு வீசியும் விக்கெட் விழவில்லை. மனம் சுருக்கென்றது. அவளைக் கூப்பிட்டால் நான் சொன்னது தப்பாகிவிடுமே என்று வெட்கப்பட்டு, இன்னும் ஒரு ஓவர் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்து கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் அவள் சிவகாசி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவள் எங்கே என்று கேட்டுக் கேட்டு, அவள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்புதான் அவன் கண்ணை மூடியிருந்தான்.

“சார் தெரிஞ்சா சொன்னாக?” என்று, யாராவது என்னைக் குறை சொன்னால், இன்றும் எனக்காகப் பேசுகிறாள் மாரியம்மா. உங்களுக்கு எழுத முடிந்ததை, அடுத்த வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.