மண்டபத்து வாசலில் நின்ற ஜீப்

நான் அரசு கால்நடை மருத்துவர். சூலூர்ப் பக்கம் வேலை. மச்சினன் கல்யாணத்துக்கு ஆஸ்பத்திரி ஜீப்பில்தான் குடும்பத்தோடு கிளம்பினேன். பின்சீட்டில் சீர்த்தட்டுகள். எல்லாரும் செய்வதுதானே என்று எனக்கு உறுத்தவே இல்லை.

விடியற்காலையில், வழியில் போகும்போது, ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வரும் ஒரு விவசாயி போன் செய்தார். "மாடு கன்னு போட முடியாம கெடக்குதுங்க டாக்டர். ஒத்தக் காலு மட்டும் வெளிய வந்திருக்குதுங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

"நான் வெளியூர் முகாம்ல இருக்கறனுங்க. ஜீப்பும் இல்லீங்க" என்றேன். ஜீப்பில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

மதியப் பந்தியில் பெண் வீட்டார் பரிமாறினார்கள். தயிர் வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றவர் அதே விவசாயி. பெண்ணுக்குச் சித்தப்பாவாம்.

"ஏனுங்க டாக்டர், வெளிய நிக்கிறது நம்ம ஆஸ்பத்திரி ஜீப்புத்தானுங்களே?"

நான் பாதி எழுந்துவிட்டேன். "மாடு எப்படி இருக்குதுங்க? இப்பவே போலாம், வாங்க."

"உக்காந்து சாப்புடுங்க. இனி அவசரமில்லீங்க. மாடும் போயிருச்சு, கன்னும் போயிருச்சு. பொதச்சுப்போட்டுத்தான் வந்தனுங்க." அவர் குனிந்தார். "தயிர் ஊத்தட்டுங்களா?"

திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். பக்கத்தில் சம்பந்தி வீட்டார் இருந்ததால் நான் முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஜீப்பை மண்டபத்து வாசலில் நிறுத்த விடுவதில்லை. இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். நான் திருந்தியது அவ்வளவுதான்.