முட்டு மூர்த்தியும் என் விசிலும்

விசில் ஊதுறவனுக்கு ரெண்டு டீமும் எதிரி. அதுல ஒரு டீம்ல சொந்தக்காரன் இருந்துட்டா வீடும் எதிரி. பஸ் கண்டக்டர்மாருங்க, கிளினிக்ல நம்பர் குடுக்கிறவங்க, கரண்ட் பில் கொண்டு வர்றவங்க எல்லாரும் கேட்டுக்குங்க, உங்களை மாதிரி நானும் பேச்சு வாங்கியே பொழைக்கிறவன்தான். வார நாள்ல பதுளையில ஒரு ஹார்ட்வெயார் கடையில நிக்கிறேன். சனி ஞாயிறுல தேயிலைத் தோட்டத்து ஃபுட்போல் மெட்சுகளுக்கு ரெஃப்ரி. ஊவா மாகாணத்துல என் அம்மாவை விசாரிக்காத தோட்டம் கிடையாது. அதெல்லாம் பழகிப் போச்சு. பழகாத சிலது இருக்கு, அதைத்தான் இங்க சொல்றேன்.

ஒரே மாதிரிக் கதவு

என் சம்சாரத்தோட அண்ணன் மூர்த்தி. அந்தக் காலத்துல மெட்ச் பார்த்தவங்களுக்கு 'முட்டு மூர்த்தி'ன்னா தெரியும். பின்னால நின்னுக்கிட்டு, உயர வர்ற பந்து அத்தனையையும் நெத்தியால முட்டி, அதாவது ஹெட் அடிச்சு, திருப்பி அனுப்புவாரு. சனம் சுத்தி நின்னு "தலையக் குடு மூர்த்தி"ன்னு கத்தும். இவரும் குடுப்பாரு. மழையில ஊறி கல்லு மாதிரி கனக்கிற தோல் பந்துக்கும் குடுத்திருக்காரு. அம்பது வயசு இன்னும் முடியல, இப்ப காலையில சாப்பிட்டாரா இல்லையான்னு அவருக்கே தெரியாது.

தோட்டத்து லயத்துல வரிசையா ஒட்டி நிக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு. தெளிவா இருக்கிறவனே அசந்தா பக்கத்து வீட்டுல நுழைஞ்சுருவான். மச்சான் ஒருநாள் மத்தியானம் அடுத்த வீட்டுக்குள்ள போயி, பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு, அந்த வீட்டம்மாகிட்ட தேத்தண்ணி கேட்டிருக்காரு. வெறியில வந்துட்டான்னு நெனச்சு அந்தம்மாவோட புருசன் அடிச்சு வெளிய தள்ளிட்டாரு. நான் போயி, இவரு குடிக்கிறதை விட்டு வருசக்கணக்காச்சு, வேணும்னா வாயை மோந்து பாருங்கன்னு சண்டை போட்டேன். மனுசன் நெசமாவே மோந்து பார்த்தாரு. பார்த்துட்டுச் சொன்னாரு: "குடிச்சிருந்தா வெறின்னு விட்டுருவோம் சேர். குடிக்காமலே வந்து படுத்தா நாங்க என்னன்னு எடுத்துக்கிறது?"

எது அடி, எது ஹெட்

கோயில்ல கயிறு கட்டினாங்க. செய்வினையா இருக்கும்னு மொனராகலைப் பக்கம் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. எல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் டொக்டர். அவரு சிங்களத்துல பேச, தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ் எங்களுக்குச் சொன்னாங்க. வயசானவங்களுக்கு வர்ற மறதி நோய் இவருக்கு முன்கூட்டியே வந்துருச்சாம். பந்தை முட்டினதாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா வருசக்கணக்கா மண்டையில வாங்கினவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு அதிகம்னாரு. பிரஷரு, சீனி, சிகரெட், சாராயம் இதையெல்லாம் அடக்கி வச்சா கொஞ்சம் நல்லது. போனது திரும்பாது, ஆடிக்கிட்டு இருக்கிறவங்களைப் பாருங்கன்னாரு. சின்னப் பிள்ளைங்களை முட்டப் பழக்காதீங்க, பெரியவங்களுக்கும் பயிற்சியில கொறைங்க, மண்டையில அடிபட்டவனை அன்னைக்கு மறுபடி எறக்கவே எறக்காதீங்க, டொக்டர் பார்த்துச் சரின்னு சொன்னப்பறம் ஆடட்டும்.

அதெல்லாம் அவரு கடைசியில சொன்னது. முதல்ல கேட்டது ஒரே கேள்வி: தலையில பலமா அடிபட்டது எப்ப? மச்சானோட சம்சாரம் சரோ கொழுந்து எடுக்கிற பொம்பள, லீவு போட்டுட்டு வந்திருந்துச்சு. அது டொக்டரைப் பார்க்கல, என்னைப் பார்த்துச்சு. "எது அடி, எது ஹெட்டுன்னு யாருண்ணே பிரிச்சுப் பார்த்தோம்? ரெண்டுக்கும் கைதானே தட்டினோம்."

வெங்காயப் பை

மச்சானோட மகன் தினேஷ் இப்ப அதே டீம்ல அப்பா நின்ன அதே எடத்துல நிக்கிறான். அப்பாவை மாதிரியே முட்டுறான். மச்சான் போன பாதையில இவனும் போயிரக் கூடாதுங்கிறதுதான் எனக்கு இப்ப ஒரே கவலை. வயித்தெரிச்சல்னும் சொல்லலாம்.

ஒரு நாள் சாயங்காலம் அவங்க பயிற்சிக்குப் போனேன். டர்பன்டைன் மரத்துக் கிளையில, வெங்காயம் வர்ற வலைப் பைக்குள்ள பந்தைப் போட்டு, கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்காரு கோச். தினேஷ் நின்னு தொப்பு தொப்புன்னு முட்டிக்கிட்டிருக்கான். அவனுக்குப் பின்னால பால் பல்லு விழாத பொடிசுங்க எல்லாம் வரிசையில நிக்குதுங்க. டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். வேணும்னா முட்டாம, எங்க நின்னா பந்து வரும்னு மட்டும் பழக்குங்கன்னேன். கோச் பொறுமையா கேட்டாரு. கோவப்படவே இல்ல, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "கொழுந்துக் கூடையவே நெத்தியில மாட்டித் தூக்கின பரம்பரை சேர் நாம. ஒரு பந்தா நம்ம மண்டையை என்னமோ பண்ணிறப் போகுது?"

கப்பு குடுக்கிறவரு

பண்டாரவளையில புடவைக்கடை வச்சிருக்கிற ஒரு முதலாளிதான் வருசா வருசம் கப்பு குடுக்கிறாரு. அவரு சொன்னா எல்லா டீமும் கேக்கும். மண்டையில அடிபட்டு ஒருத்தன் வெளிய போனா, அவனுக்குப் பதிலா மேலதிகமா ஒரு ஆளை எறக்க விடுங்க, அப்பதான் டீம்காரங்க அடிபட்டவனை மறைக்காம வெளிய எடுப்பாங்கன்னு கேட்டேன். துணியை மடிச்சுக்கிட்டே சிரிச்சாரு. "முட்டவும் வேணாம், மோதவும் வேணாம்னா கெரம் போர்ட் போட்டி வைங்களேன் தம்பி. கப்பு நான் அதுக்கும் தர்றேன்."

எந்தப் பக்கம்

அந்தக் கப்போட ஃபைனல் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிரவுண்ட்ல நடந்துச்சு. மருமகன் ஆடுற மெட்சுக்கு மாமன் ரெஃப்ரியான்னு கேப்பீங்க. வர வேண்டியவரு வரல. தினேஷுக்கு நான் காட்டின மஞ்சள் கார்டெல்லாம் எதிர் டீமுக்கும் தெரியும், அதனால அவங்களே சரின்னுட்டாங்க. தினேஷைப் பார்க்கிறதுக்குன்னே கொழும்புல இருந்து ஒரு கிளப்காரரு வந்திருந்தாரு. பிடிச்சுப் போனா டீம்ல எடமும் கிடைக்கும், வேலையும் கிடைக்கும். அந்த வீட்டுல சரோ சம்பளத்தை விட்டா வேற ஒண்ணும் கிடையாது. சரோவும் மச்சானைக் கூட்டிக்கிட்டு வந்து கோட்டோரமா நின்னுச்சு.

ஆட்டம் முடியப் போற நேரம், ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. கோர்னர் கிக்குக்கு எழும்பின தினேஷ் இன்னொருத்தன் மண்டையோட மோதி விழுந்தான். வழக்கம்போல வாளியைத் தூக்கிட்டு ஓடி வந்து தலையில தண்ணியை ஊத்தினாங்க. எழும்பிட்டான். சனம் கை தட்டுது. மோதின மத்தவனுக்கு ஒண்ணுமே இல்ல. தினேஷ் மட்டும் மெதுவா என்கிட்ட வந்தான். கிரவுண்ட்ல அவன் என்னை 'சேர்'னு தவிர வேற மாதிரி கூப்பிட்டதே இல்ல. அன்னைக்குக் கேட்டான்: "மாமா, நாம எந்தப் பக்கம் அடிக்கிறோம்?"

விசிலை ஊதி, வெளிய போடான்னுட்டேன். எறக்குறதுக்கு வேற ஆளும் மிச்சம் இல்ல. பத்துப் பேரோட நின்னு, அடுத்த பந்துலயே கோல் வாங்கித் தோத்தாங்க. கோச் என் சட்டையைப் பிடிச்சாரு. மண்ணாங்கட்டி வந்து முதுகுல விழுந்துச்சு. கொழும்புக்காரரு ஜீப்ல ஏறிப் போயிட்டாரு. தினேஷ் கோட்டுக்கு வெளிய குந்தி வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தான். அப்பவும் ஒருத்தன்கூட, இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு பேசல. நான்தான் த்ரீவீலரைக் கூப்பிட்டு, சரோவையும் கூட ஏத்தி அனுப்பினேன்.

அந்தக் கூச்சல்ல மச்சானை எல்லாரும் மறந்துட்டாங்க. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு, சனத்தை விலக்கிட்டு, நேரா என்கிட்ட வந்தாரு. மகனுக்காக என்னை அடிக்கத்தான் வர்றாருன்னு நெனச்சேன், அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு நின்னேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியல. ரெஃப்ரிக்கு முன்னால ஆட்டக்காரன் நிக்கிற மாதிரி ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, தணிஞ்ச கொரல்ல கேட்டாரு: "எனக்கு ஒண்ணுமில்ல சேர். தண்ணி ஊத்திட்டாங்க, சரியாயிருச்சு. வெளிய எடுத்துறாதீங்க, நான் ஆடுறேன்."

கையைப் பிடிச்சுக் கோட்டுக்கு வெளிய கூட்டிட்டுப் போயி விட்டேன். ரொம்ப லேட்டுதான், ஆனாலும் முட்டு மூர்த்தியை மண்டையில அடிபட்டதுக்காக கிரவுண்டை விட்டு வெளிய எடுத்த ஒரே ரெஃப்ரி நான்தான்.