கிள்ளானில் நாலரை மணி வரவேற்பு

அன்று நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. ஒன்று, சீருடையில் வந்த சார்ஜெண்டிடம்: "நான் மணப்பெண் இல்லை." மற்றது, என் பேனா சிநேகிதி வாசுகியிடம்: "இதற்காகத்தான் என்னை வரச் சொன்னாயா?" சார்ஜெண்டிடம் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு, அது கீழே வரும். வாசுகியிடம் கேட்காததற்கு அப்படி உருப்படியான காரணம் எதுவும் இல்லை.

இது 1994 ஆகஸ்டில் நடந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு பத்திரிகையின் பேனா நண்பர்கள் பகுதி வழியாக, மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் வாசுகியோடு ஆறு வருடமாகக் கடிதப் பழக்கம். அவள் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியை. படித்த புத்தகங்களைப் பற்றி நான் எழுதுவேன். அவள் தன்னுடைய இசைக்குழுவைப் பற்றி எழுதுவாள். குழுவின் பெயர் 'ஐந்தாங்கட்டை'. மைல் கல்லை அங்கே கட்டை என்கிறார்கள். வாசுகி அதில் டிரம்ஸ் வாசிக்கிறாள். "எங்கள் முதல் கச்சேரிக்கு நீ வர வேண்டும். பட்டுச்சேலை ஒன்று எடுத்து வா" என்று மே மாதம் எழுதியிருந்தாள். ராக் கச்சேரிக்குப் பட்டுச்சேலை எதற்கு என்று அப்போதே யோசித்தேன். யோசித்துவிட்டு, சேலையைப் பெட்டியில் வைத்தேன்.

சென்னையிலிருந்து போக வர விமானக் கட்டணம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். சுபாங் விமான நிலையத்தில் டாக்சிக்கு முன்பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். கோலாலம்பூரில் நான் தங்க இருந்த பிரிக்பீல்ட்ஸுக்கு 22 ரிங்கிட். அங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வெள்ளி நம் பணத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு ரூபாய். ஓட்டுநர் ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழர்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாம் அங்கிள்."

"கல்யாணத்துக்கா?"

"இல்லை, சுற்றிப் பார்க்க."

"சுத்திப் பாக்க யாருமா ஒத்தையில வருவா? யாரு வரச் சொன்னது? ஆம்பளையா, பொம்பளையா?"

"சிநேகிதி."

"போட்டோ பாத்திருக்கியா? லெட்டர்ல எல்லாரும் நல்லவங்கதான் லா. என் நம்பர் வச்சிக்க, எதுன்னாலும் போன் அடி."

வாக்கியக் கடைசியில் 'லா' போடுவது அந்த ஊர்ப் பழக்கம். எண் எழுதிய துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டேன். ஆனால் இறங்கும் இடத்துக்கு ஒரு தெரு முன்பாகவே நிறுத்தச் சொன்னேன். எந்த விடுதி என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தபோது, இது புத்திசாலித்தனமா அசட்டுத்தனமா என்று தீர்மானிக்க முடியவில்லை.

விடுதி அறை நாளொன்றுக்கு 35 வெள்ளி. மின்விசிறி உண்டு, தாழ்ப்பாள் பாதி உண்டு. ரயில்வே குடியிருப்பின் பின்புறம் தெரியும் ஜன்னல். வாசுகி தன் வீட்டில் தங்கச் சொல்லவில்லை. "வீட்டில் இடம் இல்லை" என்று எழுதியிருந்தாள். முந்தைய கடிதம் ஒன்றில், அண்ணன் ஜொகூருக்குப் போனதிலிருந்து மாடி அறை காலியாகக் கிடப்பதாக எழுதியவளும் அவளேதான். கடிதங்களை நான் பத்திரமாக வைத்திருப்பது இப்படிச் சில சமயம் தொந்தரவு.

இரண்டு நாள் ஊர் சுற்றினேன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கண்ணாடி வளையல் ஒரு டஜன் நான்கு வெள்ளி. பேரம் பேசினால் மூன்று. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன், இருபத்தைந்து நிமிடம். நிலையத்தின் பெயர்தான் கிள்ளான். அது இருப்பது கோலாலம்பூரில். இதில் குழம்ப வேண்டாம். அங்கிருந்து கிள்ளான் நகரம் 32 கிலோமீட்டர், ஒன்றரை வெள்ளி, ஒரு மணி பத்து நிமிடம்.

இறங்கியதும் வாசுகியை அடையாளம் கண்டுகொண்டேன். போட்டோவில் இருந்ததைவிடக் குள்ளம், கையில் காப்பு. கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்ட முதல் கேள்வி:

"சேலை கொண்டாந்தியா?"

பயணம் எப்படி இருந்தது என்பது அதற்கு அப்புறம்தான் வந்தது.

"கச்சேரி எத்தனை மணிக்கு?" என்றேன்.

"நாலரை."

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நாள்காட்டி பார்க்காமல் புது விளக்குமாறுகூட வாங்காத வீட்டில் வளர்ந்தவள். கச்சேரிதானே என்று விட்டுவிட்டேன்.

மண்டபம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து பதினைந்து நிமிடம். வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. மேடையில் ஒரு பக்கம் டிரம்ஸ், கிதார், ஆளுயர ஒலிபெருக்கிகள். மறுபக்கம் சிவப்பு வெல்வெட் போட்ட ஜோடி நாற்காலிகள். மேஜையில் சந்தனம், மஞ்சள் அரிசித் தட்டு. ஆனால் கல்யாண மண்டபத்துக்கு உரிய சாம்பார் வாசனை இல்லை. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள் ஒரு பெட்டியில் இருந்தன. வந்தவர்கள் அறுபது பேர் இருப்பார்கள்; இருபத்தைந்து வயதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. யாருடைய அத்தையும் யாருடைய அத்தையோடும் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

"வாசுகி, இது என்ன?"

அப்போதுதான் சொன்னாள். கச்சேரிக்கு அனுமதி கேட்டு இரண்டு முறை எழுதினார்களாம், பதிலே வரவில்லை. முடி வளர்த்த ராக் பையன்கள் என்றாலே அந்த ஆண்டுகளில் அங்கே ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். கல்யாண வரவேற்பில் பாட்டு வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் கச்சேரியை வரவேற்பாக ஆக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையாக உட்கார குமார் என்ற லோரி ஓட்டுநர் தயார். மணப்பெண்ணாக உட்கார வேண்டிய செல்வி, கோலாலம்பூரில் செந்தூல்காரி, வரவில்லை.

"அவ அப்பா விடல. நீ ஒக்காருடி. ஒன்றரை மணி நேரம்தான்."

"போலீஸ் வந்தால்?"

"வந்தா, கல்யாணம்னு நம்பிட்டாங்கன்னா ஒண்ணும் இல்ல. நம்பலன்னா எல்லார் பேரையும் எழுதுவாங்க. எனக்கு ஜனவரியில வேல நிரந்தரம் ஆவணும். பேரு போலீஸ் புக்குல ஏறிடுச்சின்னா அதோட முடிஞ்சது." டிரம்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஏழு வருஷமா தற்காலிகம், தெரியுமில்ல?"

தெரியும். ஏழில் ஆறு வருடத்தைக் கடிதம் கடிதமாகப் படித்தவள் நான். பின்கட்டில் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டேன்.

குமார் தலைப்பாகை கட்டியிருந்தான். அதற்குள் தோள் வரை நீளும் முடியைச் சுருட்டி வைத்திருந்தான். குனியும்போதெல்லாம் ஒரு பக்கம் நழுவியது.

"பயப்படாதீங்க அக்கா. கல்யாண அட்ட அடிச்சே ஒரு மாசம் ஆவுது, இன்னிக்குத்தான் பொண்ணையே பாக்கறேன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வாக்கியம் பிறகுதான் உறைத்தது.

சரியாக நாலரைக்கு ஆரம்பித்தார்கள். ராக் இசையை அதுவரை நான் ஒலிநாடாவில் மட்டுமே கேட்டிருந்தேன், அதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில். ஆறடி தூரத்தில் கேட்பது வேறு. முதல் அடியில் வெல்வெட் நாற்காலி அதிர்ந்தது. மஞ்சள் அரிசி தட்டில் குதித்தது. தேவா என்பவன் பாடினான். டயர் கடையில் வேலை, நகக்கண்ணில் கருப்பு. எஸ்டேட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள், அடுக்குமாடி வீட்டில் பழுதான லிஃப்ட், இதெல்லாம்தான் பாட்டு. எல்லாம் அவர்களே எழுதியவை. வாசுகி கடிதங்களில் மிகவும் நிதானமானவள். ஒரு காற்புள்ளிகூட விட்டுப்போகாமல் எழுதுவாள். அவளா இப்படி அடிக்கிறாள் என்று வியந்தேன். கூடவே, இவளை எனக்கு எவ்வளவு தெரியும் என்றும் தோன்றியது.

மூன்றாவது பாட்டில் வாசல் கதவு திறந்தது. ஒரு மலாய்க் காவலர். அவருக்கு முன்னால் நம்மவர் ஒருவர், சார்ஜெண்ட், நரைத்த மீசை. பாட்டு நின்றது. வாசுகி குச்சிகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"என்னா சத்தம் இது? பர்மிட் எங்க?"

"கல்யாணம் சார். ரிசப்ஷன்" என்றான் தேவா.

"தாலி கட்டு?"

"காலையிலயே கோயில்ல முடிஞ்சிருச்சி சார்."

"பெத்தவங்க?"

"சாப்பிடப் போயிருக்காங்க சார்."

"கல்யாண வீட்டு ஆளுங்க வெளிய போயா சாப்பிடுவாங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்து அடக்கினார்கள். சார்ஜெண்ட் மேஜையிலிருந்த அழைப்பிதழை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். புருவம் உயர்ந்தது.

"ஞாயித்துக்கெழம நாலரை. டேய், எந்த மடையன்டா ராகு காலத்துல ரிசப்ஷன் வச்சான்?"

தேவா அட்டையை எட்டிப் பார்த்தான். அந்த நேரத்தைப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அட்டையை எழுதிய ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "அப்ப யாரும் ஹால் எடுக்க மாட்டாங்க சார்," என்றான் மெதுவாக. "அதான் பாதி வாடகைக்குக் குடுத்தாங்க." அதுவரை அவரிடம் சொல்லப்பட்ட ஒரே முழு உண்மை அதுதான். சார்ஜெண்ட் அதை மட்டும் நம்பினார் என்று நினைக்கிறேன்.

மேடை ஏறி நேராக என்னிடம் வந்தார்.

"எந்த ஊரும்மா?"

"தஞ்சாவூர்."

அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ம். அட்டையிலயும் அதான் போட்டிருக்கு." குரலைத் தணித்தார். "வெளிநாட்டுலேருந்து வந்திருக்க. ஒன் இஷ்டத்தோடதான் நடக்குதா? யாராச்சும் ஏமாத்திக் கொண்டாந்து ஒக்கார வச்சிட்டாங்களா? பயப்படாம சொல்லு. எனக்கும் மக இருக்கா."

கேள்வி அவ்வளவு சரியாக இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் தோளுக்குப் பின்னால் வாசுகியின் உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. அவள் நிமிரவில்லை, என்னிடம் கண்ணால்கூடக் கெஞ்சவில்லை. ஏழு வருடம் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, இஷ்டம்தான் என்பதுபோல ஆட்டினேன். அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார், அல்லது எடுத்துக்கொண்டதாகக் காட்டினார். எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தட்டிலிருந்து மஞ்சள் அரிசியை எடுத்து என் தலையில் போட்டார். குமார் ஆசி வாங்கக் குனிந்தான். தலைப்பாகை நழுவி முடி முழுவதும் வெளியே விழுந்தது. சார்ஜெண்ட் அதை நிதானமாகப் பார்த்தார்.

"மாப்ள, நாளைக்கி முடி வெட்டிரு. ஆறு மணிக்கு மேல ஒரு சத்தம் கேக்கக்கூடாது."

போய்விட்டார்கள். மறுபடி வாசித்தபோது முன்பைவிட நன்றாக வாசித்தார்கள். ஐந்து ஐம்பத்தைந்துக்கு முடித்தார்கள். வாசுகி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. "ஒனக்கு நான் என்னா செய்யப் போறேன்" என்றாள். நான் சிரித்தேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு அழைப்பிதழை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் அதைப் படித்தேன். 'மணமகள் செல்வி, தஞ்சாவூர்.' செந்தூல் அல்ல. அட்டை அடித்து ஒரு மாதம் ஆகிறது. நான் டிக்கெட் வாங்கி அவளுக்குத் தெரிவித்தது அதற்கும் முன்பு, ஜூனில். இதற்கு நல்ல விளக்கமும் இருக்கலாம். உள்ளூர் என்று போட்டால் யாராவது விசாரிப்பார்கள். ஆறு வருடம் உறைமேல் எழுதிய ஊர்ப்பெயர் அவளுக்குச் சட்டென்று வந்திருக்கலாம். இல்லையென்றால், ஒருவருக்கும் அடையாளம் தெரியாத, பத்து நாளில் நாட்டைவிட்டே போய்விடுகிற ஒருத்திதான் வேண்டியிருந்திருக்கலாம். இரண்டையும் மாறி மாறி எண்ணிப் பார்த்ததில் கோலாலம்பூர் வந்துவிட்டது.

போக நினைக்கும் பெண்களுக்குச் சில விஷயங்கள். கிள்ளானுக்குப் பகலில் போய், ஆறரைக்குள் பேருந்து பிடித்துவிடுங்கள். அதன் பிறகு கூட்டம் அதிகம். விடுதித் தாழ்ப்பாளைப் பணம் கட்டுவதற்கு முன்பே இழுத்துப் பாருங்கள். டாக்சி ஓட்டுநர்கள் நிறையக் கேள்வி கேட்பார்கள். நான் சந்தேகப்பட்ட அந்த அங்கிள் என்னைக் கேட்டது எல்லாம் பிறகு யோசித்தால் நியாயமான கேள்விகள்தான். சிறிய கச்சேரி ஏதாவது கேள்விப்பட்டால் கட்டாயம் போங்கள், பக்கத்தில் உட்காருங்கள், காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள். யாராவது பட்டுச்சேலை கொண்டுவரச் சொன்னால், எதற்கு என்று கேட்டு எழுதுங்கள்.

ஊர் திரும்பியதும் செல்வி யார் என்று கேட்டு வாசுகிக்கு எழுதினேன். பிப்ரவரியில் பதில் வந்தது. ஜனவரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, தேவா சிங்கப்பூர் போய்விட்டான், டிரம்ஸை விற்றுவிட்டேன் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். செல்வியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அவளும் அதற்குப் பிறகு எழுதவில்லை.